குறைவு எப்போது திருட்டாகிறது?

களமும் கேள்வியும்

தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் வட்டாரத்தில் பெங்கால் லேம்ப், சுலேகா என்னும் பெயர்களை இன்று பெரும்பாலோர் பேருந்து நிறுத்தங்களாகவே அறிவர். மின்விளக்குக்கும் எழுதும் மைக்கும் பெயர்பெற்ற அந்தத் தொழிற்கூடங்களும், தையல் இயந்திரமும் மின்விசிறியும் செய்த உஷா ஆலையும் சேர்ந்து, நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகள் திரளாகக் குடியேறிய இப்பகுதிக்கு ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர் வட்டாரம் என்ற முகத்தைத் தந்திருந்தன. பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் உஷா ஆலை இருந்த நிலத்தில்தான் சவுத் சிட்டி அடுக்குமாடிகளும், 2008-இல் திறக்கப்பட்ட பேரங்காடியும் எழுந்தன. இயந்திரத்தின் முன் நின்றவர்களின் இடத்துக்குச் சரக்கு அடுக்குபவர்களும் பில் போடுபவர்களும் வாடிக்கையாளருக்குத் துணி விரித்துக் காட்டுபவர்களும் வந்தார்கள். ஆலையில் உற்பத்தி அளவை வைத்து எடைபோடப்பட்ட தொழிலாளியை அங்காடியில் எடைபோடும் அளவுகோல்களுள் இருப்புக் கணக்கும் ஒன்றாயிற்று.

இருப்புக் கணக்கில் ஒரு குறைவு தென்படும்போது, அது எந்தக் கட்டத்தில், எந்தச் சான்றின் பேரில், ஒரு குறிப்பிட்ட ஊழியரின் திருட்டு என்று பெயர் மாறுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. ஊழியர்கள் திருடுவதே இல்லை என்பது இதன் வாதமன்று. அங்காடிகளுக்கு உள்ளிருந்தே இழப்பு நேர்வதும், சிறு இலாபத்தில் ஓடும் மளிகைத் தொழிலில் அந்த இழப்பு கடையையே ஆட்டம் காணச் செய்வதும் உண்மை. ஆயினும் குறைவு, ஐயம், குற்றம் என்னும் மூன்றும் வெவ்வேறானவை. நடைமுறையில் இவை ஒரே மாலைப் பொழுதுக்குள் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் ஆராயத்தக்கது.

குறைவு என்னும் எண்

ஏட்டில் இருக்க வேண்டிய சரக்குக்கும் எண்ணிப் பார்த்தபோது கிடைத்த சரக்குக்கும் உள்ள வேறுபாட்டைச் சில்லறை வணிகத் துறை ‘ஷிரிங்கேஜ்’ என்று வழங்குகிறது. கடைத்தளத்தில் அதன் பெயர் ‘ஷார்ட்டேஜ்’. வாடிக்கையாளர் திருட்டு, ஊழியர் திருட்டு, சரக்கு அனுப்புபவரின் ஏமாற்று, நிர்வாகப் பிழை என நான்கு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். இந்த நான்கும் சேர்ந்து விளைவிப்பது ஒரே ஓர் எண் என்பதையும், அந்த எண்ணுக்குள் எந்தக் காரணத்தின் பங்கு எவ்வளவு என்பதை எண்ணே சொல்லாது என்பதையும் இங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

இங்கிலாந்தின் சில்லறை வணிக ஆய்வு மையம் வெளியிட்டுவந்த உலகச் சில்லறைத் திருட்டு அளவீட்டின்படி, 2010-இல் கணக்கில் கொள்ளப்பட்ட 42 நாடுகளுள் இந்தியாவின் குறைவு விகிதமே மிக அதிகம்: விற்பனையில் 2.72 விழுக்காடு. அடுத்த ஆண்டு அது 2.38 ஆகக் குறைந்தபோதும் முதலிடம் மாறவில்லை. இந்த எண்கள் இந்திய நாளிதழ்களில் ‘திருட்டில் முதலிடம்’ என்ற பொருளில் வலம் வந்தன. ஆனால் இவை நிறுவனங்கள் தாமே நிரப்பித் தந்த வினாப்படிவங்களிலிருந்து பெறப்பட்டவை. அளவீட்டுக்குப் பொருளுதவி செய்ததோ திருட்டுத் தடுப்புக் கருவிகளை விற்கும் செக்பாயிண்ட் சிஸ்டம்ஸ். மொத்தக் குறைவு எண்ணிப் பெறப்பட்டது. அதில் ஊழியருக்குரிய பங்கு, நிறுவனங்களின் ஊகம். அமெரிக்காவின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு, 2021-இன் மொத்தக் குறைவான 9,450 கோடி டாலரில் ஏறக்குறையப் பாதி திட்டமிட்ட கும்பல்களின் திருட்டால் நேர்ந்தது என்று 2023-இல் வெளியிட்ட கூற்றை அதே ஆண்டு டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆய்வாளர்களையும் அறிக்கைகளையும் கைவசம் வைத்திருக்கும் ஓர் அமைப்பே குறைவைக் காரணங்களாகப் பிரிக்கும் இடத்தில் தடுக்கி விழுந்ததென்றால், ஒரு கிளையின் மேலாளர் மாதக் கடைசியில் அதைச் சரியாகப் பிரித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது மிகை.

பிழை நேரும் விதம் எளியது. ஒரே நிறுவனத்தின், ஒரே விலையுள்ள, இருவேறு மணங்கொண்ட சோப்புகளில் மல்லிகை இரண்டும் சந்தனம் மூன்றுமாக ஐந்தை வாடிக்கையாளர் கொண்டுவருகிறார். வரிசை நீண்டிருப்பதால் பில் போடுபவர் மல்லிகைச் சோப்பு ஒன்றை மட்டும் பார்கோடு கருவியில் காட்டி, எண்ணிக்கை ஐந்து என்று தட்டிவிடுகிறார். வாடிக்கையாளர் கொடுத்த பணம் சரி. கடைக்கு ஒரு பைசாவும் நட்டமில்லை. இருப்புக் கணக்கிலோ சந்தனம் மூன்று குறைவு, மல்லிகை மூன்று கூடுதல். ஆண்டு முழுவதும் சேர்ந்த இத்தகைய பதிவுகளோடு, பெட்டிக்குப் பன்னிரண்டு என்று வரவு வைக்கப்பட்டுப் பத்து மட்டுமே வந்து இறங்கிய சரக்கு, எலி கடித்ததால் ஒதுக்கப்பட்டும் ஏட்டிலிருந்து கழிக்கப்படாத பொட்டலம், வேறு கிளைக்கு அனுப்பியும் மாற்றுச் சீட்டு போடாத அட்டைப் பெட்டி ஆகிய எல்லாம் கூடும். கூடுதலாக நிற்கும் மல்லிகையைப் பற்றி எந்த மேலாளரும் ஊழியரை அழைத்துக் கேட்பதில்லை.

ஆய்வுகள் தொடங்கும் இடம்

ஊழியர் திருட்டைப் பற்றிய மேலைச் சமூகவியலில் மூன்று நூல்கள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. டொனால்ட் கிரெஸ்ஸி 1953-இல் வெளியிட்ட நூல், நம்பிக்கை மோசடிக்காகச் சிறையில் இருந்தவர்களைச் சந்தித்து எழுதப்பட்டது. வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, வாய்ப்பு, தன் செயலுக்குத் தானே சொல்லிக்கொள்ளும் நியாயம் ஆகியவற்றை அது காரணங்களாகக் காட்டியது. ஹோலிங்கர், கிளார்க் இருவரின் 1983 ஆய்வு, பணியிடத்து மனக்குறைக்கும் திருட்டுக்கும் உள்ள தொடர்பை வற்புறுத்தியது. இரண்டும் பயனுள்ளவை, இரண்டுமே திருட்டு நடந்துவிட்டது என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

மூன்றாவதான ஜேசன் டிட்டனின் 1977 நூலே இங்குள்ள கேள்விக்கு மிக நெருக்கமானது. இங்கிலாந்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ரொட்டி கொண்டுசென்று விற்பவர்களை ஆராய்ந்த அவர், கணக்கில் விழும் குறைவை விற்பனையாளரே ஈடுகட்ட வேண்டும் என்ற விதி இருந்ததையும், தவறுவது இயல்பு என்று அறிந்திருந்த மேற்பார்வையாளர்களே வாடிக்கையாளரிடம் சற்று மிகையாக வாங்கி அந்தக் குறைவை அடைக்கும் உத்தியைப் புதியவர்களுக்குக் கற்றுத்தந்ததையும் பதிவுசெய்தார். ஊழியரின் நேர்மையைக் காப்பதற்கென்று விதித்த பிடித்தமே நேர்மையின்மையின் முதல் பாடமாக மாறிய கதை அது. ‘ஷார்ட்டேஜ்’ தொகையை அந்தத் தளத்தில் வேலை செய்யும் அனைவரின் சம்பளத்திலும் பங்கிட்டுப் பிடிக்கும் நம் நாட்டுக் கடைகள் இதைக் கருதிப் பார்க்கலாம்.

சட்டம் அத்தகைய பங்கீட்டை ஆதரிக்கவில்லை. ஊதியத் தொகுப்புச் சட்டம், 2019, பிரிவு 18-இன்படி, ஊழியரின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருள், அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக இழக்கப்பட்டிருந்தால்தான் பிடித்தம் செய்யலாம். பிரிவு 21 அவருடைய விளக்கத்தைக் கேட்டறியாமல் பிடிக்கலாகாது என்கிறது. இச்சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. முந்தைய 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏறத்தாழ இதே வாசகம்தான் இருந்தது. பத்துப்பேர் நடமாடும் தளத்தில் அடுக்கியிருக்கும் சரக்கு, அவர்களுள் எவரிடமும் ‘வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டது’ ஆகாது.

வாசலும் பின்னறையும்

இரவு கடை மூடும் நேரத்தில் ஊழியர் வாசலில் நிற்கும் வரிசை, பெருநகர அங்காடிகள் பலவற்றிலும் ஒன்றுபோல் இருக்கும். பைகள் திறந்து காட்டப்படும். சாப்பாட்டு டப்பாவின் மூடியும் திறக்கப்படும். கடையிலேயே எதையாவது வாங்கியிருந்தால் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பில் வேண்டும். காலையில் உள்ளே வரும்போதே சட்டைப்பையில் எத்தனை ரூபாய் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டே கல்லாவில் அமர வேண்டிய கடைகளும் உண்டு. தேநீர் குடிக்கத் தோழி கொடுத்த இருபது ரூபாய் அந்தப் பதிவேட்டில் இல்லையென்றால், மாலையில் அது விளக்கம் கேட்கப்படும் பணம். தமிழ்நாட்டு வாசகருக்கு இக்காட்சி புதிதன்று; தியாகராய நகர்த் துணிக்கடைகளின் பணிச்சூழலை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இலேயே திரையில் காட்டியது.

ஐயம் ஒருவர் மீது விழுந்ததும் நிகழ்வது பின்னறைக்கு இடம் மாறுகிறது. கைப்பேசி வாங்கி வைக்கப்படும். மேலாளர், பாதுகாவலர் என இருவர் மூவர் எதிரே அமர்வார்கள். ‘எழுதிக் கொடுத்துவிட்டால் போலீசுக்குப் போகமாட்டோம்’ என்ற வாக்குறுதியின் பேரில் ஒரு மன்னிப்புக் கடிதமும், தேதியிடாத பதவி விலகல் கடிதமும் கேட்கப்படும். இந்த நடைமுறையின் ஒவ்வொரு படிக்கும் எதிரே சட்டம் ஒன்று நிற்கிறது. தனியார் பாதுகாவலருக்குக் காவலரின் அதிகாரம் இல்லை. தம் கண்ணெதிரே பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் செய்தவரைப் பிடிக்கலாம்; ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40, தேவையற்ற தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் அவரைக் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. மூன்று வாரத்துக்கு முந்தைய இருப்புக் குறைவு ‘கண்ணெதிரே நடந்த குற்றம்’ என்னும் வரையறைக்குள் வராது. அதிகாரம் உள்ளவரின் அச்சுறுத்தலாலோ ஆசைகாட்டலாலோ வாக்குறுதியாலோ பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் குற்ற வழக்கில் செல்லாது என்பது, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் பிரிவு 22 வரை தொடரும் விதி. வேலைகொடுப்பவர் இங்கே ‘அதிகாரம் உள்ளவர்’ என்ற வரையறைக்குள் அடங்கக்கூடியவரே.

வெளியேற விடாமல் அறையில் இருத்திவைப்பது பற்றி ஜாதவ்பூருக்கென்றே ஒரு சட்ட வரலாறு உண்டு. 1967-இல் மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபின், தொழிலாளர்கள் மேலாளர்களைச் சூழ்ந்து நின்று மணிக்கணக்கில் வெளியேற விடாமல் தடுக்கும் ‘கெராவ்’ போராட்டம் பரவியது. அத்தகைய இடங்களில் காவல்துறை உடனே தலையிடலாகாது என்ற பொருளில் அரசு அனுப்பிய மார்ச் 27, ஜூன் 12 சுற்றறிக்கைகளை எதிர்த்துக் கல்கத்தா உயர்நீதிமன்றம் சென்ற வழக்குக்கு ஜெய் எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கு என்றே பெயர். உஷா ஆலையை நடத்திய நிறுவனம் அதுதான். தலைமை நீதிபதி தீப் நாராயண் சின்கா தலைமையிலான சிறப்பு அமர்வு சுற்றறிக்கைகளைச் செல்லாதவை என்று அறிவித்து, முறையற்ற தடுப்பும் முறையற்ற அடைப்பும் தொழிற்சங்க உரிமையின் பேரில் நடந்தாலும் குற்றமே என்றது. அந்தத் தீர்ப்பு முதலாளிகளின் வெற்றியாகவே அக்காலத்தில் கொள்ளப்பட்டது. அதே நிறுவனத்தின் ஆலை நிலத்தில் இன்று அங்காடி நிற்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 342, பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 127 ஆகியிருக்கிறது. முறையற்ற அடைப்புக்கு ஓராண்டு வரை சிறை என்பது மாறவில்லை. கெராவைப் பற்றி ஏடேடாக எழுதிய தொழில் உறவு ஆய்வுகள், கடையின் பின்னறையை அந்தக் கண்ணோடு பார்த்தது அரிது.

விசாரணையின் இலக்கணம்

நிறுவனமே தன் ஊழியர் மீதான குற்றச்சாட்டை ஆராயும் நடவடிக்கைக்கு உள்விசாரணை என்று பெயர். அது எப்படி இருக்க வேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் வகுத்துச் சொன்ன 1963-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுள் இரண்டு வங்கத்திலிருந்து சென்றவை. கல்கத்தாவின் சுர் எனாமல் நிறுவன வழக்கில், குற்றச்சாட்டுகள் ஊழியருக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்பட வேண்டும், சாட்சிகள் அவர் முன்னிலையில் விசாரிக்கப்பட வேண்டும், அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும் தம் தரப்புச் சாட்சிகளை நிறுத்தவும் அவருக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும், விசாரணை அதிகாரி தம் முடிவைக் காரணங்களோடு எழுத வேண்டும் என ஐந்து கூறுகள் சொல்லப்பட்டன. வட வங்கத்தின் மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில், சம்பவத்துக்குத் தாமே சாட்சிகளாக இருந்த மேலாளர்கள் விசாரணை அதிகாரிகளாக அமர்ந்தது கண்டிக்கப்பட்டது. இருப்பை எண்ணியவரே ஐயப்பட்டு, ஐயப்பட்டவரே பின்னறையில் விசாரித்து, விசாரித்தவரே அறிக்கை எழுதும் கிளை மேலாளருக்கு இந்த இரண்டாம் தீர்ப்பு நேராகப் பொருந்தும். அதே ஆண்டில் எச்.சி. கோயல் வழக்கில், உள்விசாரணையிலும் வெறும் ஐயம் சான்றின் இடத்தைப் பிடிக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ‘நம்பிக்கை போய்விட்டது’ என்ற ஒற்றை வரியில் ஒருவரை அனுப்பிவிட முடியாது என்பதை 1975-இன் ஜான்சன் பம்ப்ஸ் வழக்கு நிறுவியது.

இதற்கு எதிர்த்திசையில் நிற்பதாக நிர்வாகத் தரப்பு எடுத்துக்காட்டுவது, தென் கன்னட மாவட்டத்தின் ஜனதா பஜார் கூட்டுறவுப் பண்டகசாலை வழக்கில் உச்சநீதிமன்றம் 2000-இல் அளித்த தீர்ப்பு. சரக்கைக் கையாடிய குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் தொழிலாளர் நீதிமன்றம் ஊழியர்களை மீண்டும் வேலையில் அமர்த்தச் சொன்னதை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை; தொகை சிறிதா பெரிதா என்பது பொருட்டில்லை, இழந்த நம்பிக்கையே பொருட்டு என்பது அதன் சாரம். சில்லறை வணிகத்தைப் பற்றிய இத்தீர்ப்பைப் பலரும் படிக்கும் முறையில் ஒரு சறுக்கல் இருக்கிறது. தண்டனையின் அளவைப் பற்றி அது கடுமையாகப் பேசுகிறது. சான்றின் அளவைத் தளர்த்தவில்லை. ‘மெய்ப்பிக்கப்பட்ட’ என்ற சொல்லின் மீதுதான் தீர்ப்பு முழுவதும் நிற்கிறது. சிறு தொகைக்கும் வேலை போகும் என்றால், அந்தச் சிறு தொகையை மெய்ப்பிக்கும் பொறுப்பு கூடுமே ஒழியக் குறையாது.

குற்றவியல் சட்டத்தின் கடுமையும் இதையே வலியுறுத்துகிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடிய வாடிக்கையாளர், முதன்முறைக் குற்றவாளியாக இருந்து பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303-இன்கீழ் சமூக சேவையோடு தப்பலாம். அதே பொருளை ஊழியர் எடுத்தால், பிரிவு 306 அதை எழுத்தரோ பணியாளரோ செய்யும் திருட்டாகக் கொண்டு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது; சமூக சேவைச் சலுகை அங்கே இல்லை.

கோலார் தங்கவயலின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வழக்கு, பால் அந்தோணி வழக்கு என்ற பெயரில் சட்ட மாணவர்களுக்குப் பழக்கமானது. 1985-இல் வீட்டுச் சோதனையில் தங்கம் கிடைத்ததாகக் கூறி இடைநீக்கம் செய்யப்பட்ட அவருக்குப் பிழைப்பூதியம் தரப்படவில்லை. அவர் வராமலேயே விசாரணை முடிந்து, 1986-இல் வேலை போயிற்று. 1987-இல் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்சநீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்துசெய்தது 1999-இல். இலக்கணம் வென்றது. வெல்ல எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டு.

விசாரணையே நடக்காத இடம்

மேற்கண்ட தீர்ப்புகள் எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை ஒன்றுண்டு: ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அங்காடித் தொழிலில் பெரும்பாலும் அது நிகழ்வதே இல்லை. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்ற கடிதம் கோப்பில் இருக்கும்போது எதிர்த்து வழக்காடத் தண்டனை ஆணை எதுவும் கையில் இல்லை. அழகுப் பொருள், கைப்பேசிப் பிரிவுகளில் நிற்பவர்களுள் பலர் அங்காடியின் ஊழியர்களும் அல்லர். பொருள் தயாரிக்கும் நிறுவனத்துக்காக ஆள் அனுப்பும் முகமையின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்கள் விஷயத்தில் ‘நாளை முதல் அனுப்ப வேண்டாம்’ என்ற ஒரு தொலைபேசி அழைப்பே முழு நடவடிக்கை. துர்கா பூஜைப் பருவத்துக்கென்று எடுக்கப்படும் தற்காலிக ஆட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், ஒழுங்கு நடவடிக்கைக்கான நிலையாணைகளை 300 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. தெருமுனைச் சூப்பர் மார்க்கெட்டுக்கு அது எட்டாது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் பழைய சட்டம் ஒன்று நினைக்கத்தக்கது. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 41, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த கடை ஊழியரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்கலாகாது என்கிறது. தவறான நடத்தைக்காக முன்னறிவிப்பின்றி நீக்க வேண்டுமானால், அதற்கென நடத்திய விசாரணையில் பதிவான போதிய சான்று வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. கடையின் அளவை அது கேட்பதில்லை.

சட்டத்துக்கு வெளியே சொல் இருக்கிறது. வங்க நாளிதழ்களில் ‘சோர் ஷந்தேஹே’, அதாவது ‘திருடன் என்ற சந்தேகத்தில்’, என்பது பழகிப்போன தலைப்புத் தொடர். அதன் பின்னே ‘கணபிட்டுனி’, கும்பலாக அடித்தல், என்ற சொல் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும். 2024 ஜூன் 28 அன்று கொல்கத்தாவின் பவ்பஜாரில் உள்ள மாணவர் விடுதி ஒன்றில், கைப்பேசி திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். கும்பல் வன்முறையைத் தடுக்க மேற்கு வங்கச் சட்டமன்றம் 2019 ஆகஸ்டிலேயே ஒரு மசோதாவை நிறைவேற்றியிருந்தது. ஒப்புதல் கிடைக்காததால் அச்சம்பவத்தின்போது அது சட்டமாகியிருக்கவில்லை. அங்காடியிலிருந்து ஐயத்தோடு அனுப்பப்பட்ட ஊழியர் திரும்பிச் செல்வது இந்தச் சொல் புழங்கும் பாடாவுக்கு, தெருவுக்கு. எழுத்தில் எதுவும் இல்லாததால் மறுக்கவும் அவருக்கு எழுத்து இல்லை.

எண்ணைச் சோதிக்கும் வரிசை

கணினி காட்டிய குறைவை நம்பியதால் நேர்ந்த மிகப் பெரிய அநீதி பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் நடந்தது. பெரும்பாலும் சொந்தக் கடையோடு சேர்த்துக் கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள், 1999 முதல் புகுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ மென்பொருள் காட்டிய குறைவுகளைக் கைப்பணத்தால் ஈடுகட்ட வைக்கப்பட்டார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுள் இந்திய வம்சாவளியினரும் பலர். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களிடம், இப்படி ஒரு சிக்கல் உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லப்பட்டது. மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் நீதிமன்றம் உறுதிசெய்தது; தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் 2024-இல் வந்தது. சிலப்பதிகாரத்தில் சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்த்தது கோவலன் வெட்டுண்ட பிறகு. ஐயத்தைக் கிளப்பிய பொற்கொல்லனே அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் என்பதும் அக்கதையில் உண்டு.

பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவைச் சான்றாக்க ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தத் தாள் இந்தக் கணினியிலிருந்து வந்ததுதான் என்பதை அச்சான்றிதழ் சொல்லும். மல்லிகைக்கு ஐந்து என்று தட்டியது சரியா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை வரவுச் சீட்டு, மாற்றுச் சீட்டு, கழிவுப் பதிவேடு, அன்றைய பில் சுருள், கூடுதலாக நிற்கும் சரக்குகளின் பட்டியல் ஆகியவை. இவை அனைத்தும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. ஆகவே குறைவு முதலில் குறைவாகவே மெய்ப்பிக்கப்பட வேண்டும். நிர்வாகப் பிழை கழிக்கப்பட்ட பிறகு எஞ்சுவதைப் பற்றித்தான் ஒருவரிடம் விளக்கம் கேட்க முடியும். இந்த ஆவணங்களின் நகலை இணைக்காமல் ஓர் அங்காடி ஊழியருக்குத் தரப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, 1963-இன் ஐந்து கூறுகளுள் முதலாவதையே நிறைவேற்றவில்லை. அதன்மேல் நடத்தப்படும் விசாரணை எத்தனை அமர்வுகள் நீண்டாலும் விசாரணை ஆகாது.